இரண்டாம் மாடியின் பதில்

எங்கள் சலவைக்கூடத்தில் பேச்செல்லாம் துண்டு துண்டாகத்தான் நடக்கும். ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று உதற வேண்டும், இழுக்க வேண்டும், பிறகு நடந்து கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எட்டி நிற்கும்போது இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு எழவும் காதில் விழாது. கிட்டே வரும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அதனால் அக்கா தன் வீட்டுக் கதையை எனக்கு விரிப்புக்கு ஒரு வாக்கியமாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோல் குவிந்த நாட்களில் கதையும் நீளமாகக் கிடைக்கும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எனக்கு எதிரே நின்று மடிப்பவள், நான் குடியிருக்கும் கட்டடத்தில் எனக்கு மேலே இரண்டாம் மாடியில் இருப்பவள். அவள் புருஷனை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். முறைப்படி பார்த்தால் உதைக்கும். அக்கா புருஷன் எப்படி உனக்கு அண்ணன் ஆனேன் என்று அவரே ஒரு தடவை கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் உயரமாக நிற்கும் கட்டடங்களில் முக்கால்வாசி லிப்டுகளில் அவர் கை பட்டிருக்கும். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருவார். ஊரையே மேலே ஏற்றி விடுகிறேன், எனக்கு மட்டும் முட்டி வலி என்பார்.

அவருக்கு வந்த நோய்க்குக் காரணம் கேட்காதவர்கள் இல்லை. குடி இல்லை, விபத்து இல்லை, வீட்டில் சண்டை இல்லை, பிள்ளைகள் இல்லையே என்ற வருத்தம்கூட எப்போதோ ஆறிப்போனது. ஒரு காரணம் இருந்திருந்தால் அதையாவது நாலு திட்டு திட்டித் தீர்த்திருப்பேன் என்பாள் அக்கா. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் ஒரு காலில் காலுறையை மாட்டினார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா வேலைக்குப் போய்த் திரும்பியபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

டாக்டர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார். கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டது. அண்ணன் படுக்கையும் சுவருமாக ஆனார். அந்த டாக்டரிடம் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா, இந்த மாதிரி ஆட்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார். யாரும் சொந்தப் பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். எழுதினால் போதும். அண்ணனையும் அதில் சேர்த்துவிட்டார். அண்ணன் தனக்கு 'இரண்டாம் மாடி' என்று பெயர் வைத்துக்கொண்டார். ரொம்ப நாள் வெறுமனே படித்துக்கொண்டு மட்டும் கிடந்தார். பிறகு ஒரு நாள் யாருக்கோ ஒரு வரி பதில் எழுதினார். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நர்ஸம்மாவே போன் செய்து, நீங்கள் தொண்டராக இருக்கிறீர்களா என்று கேட்டார். எப்படிப் பேச வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மதிய நேரம் அவர் பொறுப்பு என்று ஆயிற்று.

"எல்லாரும் ராத்திரிதான் கஷ்டம்னு நினைக்கிறாங்க," என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "ராத்திரி ஊரே படுத்திருக்கு, நாமளும் படுத்திருக்கோம், பரவாயில்ல. மதியம் பாரு, தெருவே வேலைக்குப் போயிருக்கும். நாம மட்டும் படுத்திருப்போம். அதுதான் கொல்லும்."

மதிய நேரம் கிடைத்த பிறகு அண்ணன் குளிக்க ஆரம்பித்தார். முகம் மழித்தார். காலர் வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் போனோடு உட்கார்ந்தார். முகம் காட்டாத குழுவுக்கு எதற்கு இந்த அலங்காரம்? யாரைப் பார்க்கப் போகிறீர்கள் மாப்பிள்ளை என்று லீவு நாட்களில் அக்கா சீண்டுவாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது மாத்திரை இல்லை, அந்தச் சட்டைதான். மற்ற நேரமெல்லாம் அவர் பழைய சுவர்ப் பக்கம்தான். ஆனால் நாளில் ஒரு பொழுதாவது எழுந்தாரே. அந்தப் பொழுதை வைத்துக்கொண்டு அக்கா முழு நாளையும் ஓட்டினாள்.

அவர் எழுதுவதை நான் ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், ஜன்னல் திறந்திருக்கிறதா, இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கா நர்ஸம்மா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்றுகூட நினைத்தேன். கேட்டும்விட்டேன். லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ரிப்பேர் பார்க்க மாட்டோம் என்றார். கதவுக்கு வெளியே நின்று, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று குரல் கொடுப்போம். உள்ளே இருப்பவர் எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் கேட்பார். அதை மட்டும் சொல்லக் கூடாது. சொன்ன நேரம் தப்பிப்போனால் அப்புறம் நம் குரலையும் நம்ப மாட்டார்.

அந்தக் குழுவில் 'ஒற்றைச் செருப்பு' என்று ஒருவர். ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது. அண்ணன் எழுதினால் மட்டும்தான் பதில் போடும். வேறு தொண்டர்கள் கேட்டால் வாயைத் திறக்காது. தினமும் மதியம் வந்து, இருக்கிறீர்களா என்று கேட்கும். அண்ணன், இருக்கிறேன் என்பார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும். ஒற்றைச் செருப்பு இன்றைக்கு ரொட்டி சாப்பிட்டதாம், ஒற்றைச் செருப்பு தலை வாரிக்கொண்டதாம் என்று அக்கா எனக்கு விரிப்புக்கு இடையே செய்தி சொல்வாள். ஏதோ வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது அது எங்களுக்கு.

மழைக்காலம் வந்தது. சலவைக்கூடத்தில் எதுவும் காயவில்லை. உலர்த்தும் இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமின, நீராவியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. மாத்திரையை அக்கா கையில் வைத்துக் கொடுத்தால் விழுங்கினார், அவ்வளவுதான்.

அவருடைய அக்கா, அதாவது அக்காவின் நாத்தனார், கேள்விப்பட்டு வந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் ஊர் தாங்காது. குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, ஊரில் கை கால் இல்லாதவனெல்லாம் சம்பாதிக்கிறான், உனக்கு என்ன குறை, எழுந்திருடா தம்பி என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவர் சரிக்கா என்றார். சரி என்று சொல்லிவிட்டு அப்படியே கிடந்தார். அவள் சமையலறைக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முட்டை போட்டு நூடுல்ஸ் கிண்டிவைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார், அதுவும் அவளை அனுப்பி வைப்பதற்காக.

போன் மட்டும் தலைமாட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா எடுத்துப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பு. இருக்கீங்களா. முந்தின நாளும் அதே. அதற்கு முந்தின நாளும் அதே. அண்ணனிடம் நீட்டினாள். அவர் பார்த்தார், பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணோரம் நீர் இறங்கியதாம். பதில் எழுத முடியவில்லையே என்ற அந்த வருத்தத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இன்னும் கீழே போனார்.

தொண்டருக்கு முடியாமல் போனால் செய்ய வேண்டியது என்ன என்பது அக்காவுக்குத் தெரியும். இன்றைக்கு என்னால் முடியவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும், வேறு ஆள் வந்துவிடுவார். அந்த ஒரு வரியைத்தான் அவள் போடவில்லை. போட்டால் மதிய நேரம் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும், அது போய்விட்டால் இந்த மனுஷனுக்கு எழுந்திருக்க என்ன இருக்கிறது என்று பயந்தாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலத்தான். அவர் வந்து உட்காரும்வரை இடம் போய்விடக் கூடாது. மேஸ்திரியிடம் கெஞ்சி, ஜோடியான என்னையும் சேர்த்து விடியற்காலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள், மதியம் வீட்டுக்கு வந்தாள், சமையலறை மேசையில் உட்கார்ந்து, இரண்டாம் மாடி என்ற பெயருக்குக் கீழே எழுதினாள்.

இருக்கேன்.

மறுநாள் விரிப்போடு கிட்டே வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ரத்த ஓட்டம் தெரிந்தது. ஒற்றைச் செருப்பு உடனே பதில் போட்டதாம். பயந்துட்டேன் என்றதாம். நானும் நல்ல காரியம் செய்தாய் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பக்கத்து அறையில் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க, கையிலே ஒரு உயிர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, எவள்தான் சும்மா இருப்பாள்?

அவளுக்குக் கை வந்துவிட்டது. லீவு நாளெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் ஆயிற்றே. அவர் மாதிரியே கேட்டாள், அவர் மாதிரியே நிறுத்தினாள், நேரம் மட்டும் சொல்லவில்லை. கூடவே அவளை அறியாமல் தன்னுடையதும் கொஞ்சம் சேர்ந்தது. ஒரு நாள், அடுப்பில் கொதிக்கும் சூப்பின் வாசனையை எழுதினாளாம். ஒற்றைச் செருப்பு எழுந்து போய், வெகு நாளைக்குப் பிறகு கடையில் காய்கறி வாங்கி வந்ததாம். விரிப்பை உதறியபடியே அக்கா சிரித்தாள். சுருக்கம் விழுகிறது, ஒழுங்காகப் பிடி என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் அண்ணனுக்கும் அதே சூப்தான். அது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மழை விட்டிருந்தது. அன்றைக்கு விரிப்பு நிறைய வந்ததால் அக்காவுக்குக் கிளம்பத் தாமதம். நானும் கூடவே கிளம்பினேன். ஈரப் படியில் வழுக்காமல் ஏறி மேலே போனோம். கதவைத் திறந்தால் சோப்பு வாசனை. அண்ணன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். குளித்திருந்தார். மழித்த கன்னத்தில் வெட்டுப்பட்டு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. காலர் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை. அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். எனக்குச் சத்தியமாக அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஒரு கண நேரம்தான் அந்தச் சந்தோஷம்.

அவர் கையில் போன் இருந்தது. விரலால் மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார்.

"அது என்னாச்சோன்னு பயந்துக்கிட்டேதான் படுத்திருந்தேன்," என்றார். "பதிலே போடலையே, இருக்கோ இல்லையோன்னு. இன்னிக்கு எப்படியாவது எழுதிடணும்னு எழுந்திரிச்சேன்."

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்க," என்றார். கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்போம்.

"உங்க இடம் போயிடக் கூடாதேன்னுதாங்க," என்றாள் அக்கா. "நீங்க எழுந்திரிச்சு வர்ற வரைக்கும். வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்." போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதப் படிச்சியா?"

ஒற்றைச் செருப்பு முந்தின நாள் போட்டிருந்தது. முன்னாடியெல்லாம் நீங்க பேசினா ஆறுதலா இருக்கும், இந்த ஒரு வாரமா நீங்க பேசுறதைக் கேட்டா பசிக்குது. அக்கா அதை எனக்குப் பெருமையோடு சொல்லியிருந்தாள். இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கு வித்தியாசமே தெரியல பாரு," என்றார் அண்ணன். "தெரிஞ்சிருந்தாலும் நல்ல வித்தியாசமாத்தான் தெரிஞ்சிருக்கு."

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அது. நான் உங்களைப் பாத்துத்தானே..."

"வேலைல நான் இல்லாம லிப்ட் ஓடுது. வீட்டுல நான் இல்லாம நீ ஓட்டுற. அங்க ஒரு இடத்துலதான், நான் வரலைன்னா ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு இருந்துச்சு. அதுக்காகத்தாம்மா எழுந்திரிச்சேன். உனக்காகக்கூட என்னால எழுந்திரிக்க முடியல. அதுக்காக முடிஞ்சுது."

அக்காவுக்கு அது எங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் காட்டிக்கொள்ளவில்லை. இனிமேல் நீங்களே எழுதுங்கள், நான் தொடவே மாட்டேன், நாளையிலிருந்து எப்போதும்போல நீங்களே உட்காருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இந்த அளவுக்கு வராது," என்றார்.

எழுந்தார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை நாற்காலி முதுகில் ஒழுங்காகப் போட்டார், போய்ப் படுத்துக்கொண்டார். காகிதத் துண்டு கன்னத்திலேயே இருந்தது.

நர்ஸம்மாவுக்கு அக்கா அன்றைக்கே போன் செய்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. நர்ஸம்மா திட்டவில்லை. முதலில் அவரை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ, வீட்டில் தனியாக விடாதே, மாத்திரை அட்டையை உன்னிடமே வைத்துக்கொள் என்றார். தன் மனதுக்குள் பூட்டி வைத்திருந்த பயத்தை அக்கா இன்னொருவர் வாயால் கேட்டாள். அப்புறம் சொன்னார், ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதவே கூடாதும்மா, முகம் தெரியாத இடத்தில் அந்தப் பெயரைத் தவிர வேறு எதை நம்புவார்கள்? நீயே ஒற்றைச் செருப்பிடம் உண்மையைச் சொல்லிவிடு. எழுதும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். வேலைக்கு நானும் மட்டம் போட்டேன். அண்ணன் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டினார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். இது வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் கூடவே இருங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்காதே என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து, மதியம் அக்கா போனை எடுத்தாள். அண்ணன் கட்டிலில் இருந்தார். நான் கட்டிலோரம் நாற்காலியில், கையில் சூப்புக் கிண்ணத்தோடு. அவருக்குத் தெரியாமல் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன் என்று அக்கா அந்த அறையிலேயே, அவர் காலடியில் உட்கார்ந்து எழுதினாள். நான் இரண்டாம் மாடி இல்லை, அவர் மனைவி, அவருக்கு முடியவில்லை, இத்தனை நாள் நான்தான் எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்காக நேற்று அவர் எழுந்து வந்தார், இது மட்டும் சத்தியம். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்.

பதில் வரவில்லை. கிண்ணத்தில் ஆடை படிந்தது. அக்கா எதை எதிர்பார்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. ஒற்றைச் செருப்பு கோபப்பட வேண்டும். ஏமாற்றிவிட்டீர்கள், எனக்கு அவர்தான் வேண்டும், அவரைக் கூப்பிடுங்கள் என்று கத்த வேண்டும். அப்படி ஒரு வரி வந்தால் இந்த மனுஷனை எழுப்பிவிடலாம். நானும் அதற்காகத்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு முகம் தெரியாத ஜீவன் கோபப்பட வேண்டும் என்று அதற்கு முன் நான் வேண்டியது கிடையாது.

போன் அதிர்ந்தது. அக்கா படித்தாள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அண்ணன். சுவர்ப் பக்கம் பார்த்தபடிதான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. அப்புறம் சொல்றேன்."

"படி."

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை மாற்றிப் படித்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவர் பெயரில் பொய் எழுதிச் சுட்டுக்கொண்டவள் இன்னொரு தடவை துணியவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தாள்.

"சொன்னதுக்கு நன்றிங்க. அவர் நல்லா ஓய்வெடுக்கட்டும். எனக்கு யார் எழுதினாலும் பரவாயில்ல. நீங்க இப்ப இருக்கீங்களா?"

நல்ல பதில். எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதைப்போல ஒரு பதிலை எழுதும் அளவுக்கு அந்த ஆளைத் தேற்றியதே அண்ணன்தான். தெருவில் ஏதோ ஒரு கடைக்குச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"போ," என்றார் பிறகு. குரலில் வருத்தம்கூட இல்லை. "காத்துக்கிட்டு இருப்பாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் மேசையில் உட்கார்ந்தாள், சாப்பிட்டீங்களா என்று எழுதினாள்.

நான் அண்ணனிடம் ஒரு வாய் சூப் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.